கிளப் லைப்ரரிக்கு வந்த பேபி துரையின் புத்தகம்

1. வெட்டாத தாள்

கவுண்டரில் புத்தகம் வந்து விழுந்த வேகத்தில் என் பசைக் கிண்ணம் சாய்ந்துவிட்டது. பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்த பசை, இஷ்யூ கார்டுகளின் மேலெல்லாம் வழிந்தது. எதிரே ஒரு துரை முகம் சிவந்து நின்றார்.

"என்னா மேன் இது? தலை இல்லே, வால் இல்லே! ஒரு ஆள் வரிசையிலே நிக்கிறான், நிக்கிறான், நிக்கிறான். அவ்வளவுதான். இதுக்கா நாங்க சந்தா கட்டுறது?"

தோட்டத்தில் பேசிப் பழகிய தமிழ். அதைத் துரைமார் அதட்டுவதற்கென்றே கற்றுக்கொண்டதால், சாதாரணமாக ஒன்றைச் சொன்னாலும் அதட்டலாகவே வரும். அன்று உண்மையாகவே அதட்டினார்.

முப்பதுகளின் நடுப்பகுதி அது. கண்டியில் தோட்டத்துரைமாரின் கிளப் ஒன்றில் நான் லைப்ரரி அசிஸ்டன்டாக இருந்தேன். வீடு டவுன் ஓரத்தில், மஹய்யாவயில். அப்போது லண்டனிலிருந்து கப்பலில் வரும் புத்தகங்கள் பலவற்றில் தாளின் ஓரங்கள் மடிந்து ஒட்டியே இருக்கும். எலும்புக் கத்தியால் மடிப்பை வெட்டினால்தான் உட்பக்கத்தைப் பார்க்க முடியும். எங்கள் கிளப்பில் முதல் மடிப்பை மட்டும் நாங்கள் வெட்டிக் கொடுப்போம். மீதியை வாசிக்கிறவரே வெட்டிக்கொள்ள வேண்டும். ஆகவே புத்தகம் ரிட்டர்ன் வந்ததும் ஓரத்தைப் பார்த்தால் துரை எந்தப் பக்கத்தில் நித்திரையானார் என்று சொல்லிவிடலாம். இன்றைக்கு லைப்ரரி வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு அந்த வசதி கிடையாது.

இந்தப் புத்தகத்தை அதற்கு முன்பே இரண்டு பேர் எடுத்துப் போயிருந்தார்கள். ஒருவர் முதல் கதையைத் தாண்டவில்லை. மற்றவர் ஒரு மடிப்பையும் வெட்டவில்லை. வீசியெறிந்த துரைதான் கொஞ்சம் பாடுபட்டிருந்தார்.

என் மேலதிகாரி ஹெட் கிளார்க் நாகலிங்கம் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"எழுதினவன் ஐரிஷ்காரனாம். இப்ப பாரிஸிலை இருக்கிறானாம். கண்டறியாத புத்தகம்! எல்லாம் விசர்க் கதை. இதை ஆர் ஓடர் பண்ணினது?"

"கமிட்டிதான் ஐயா. யாரோ பழைய துரையோட மகன் எழுதினதாம்."

"அப்ப மேல் தட்டிலை வையும். இராமபாணப் பூச்சியாவது வாசிக்கட்டும்."

வைத்தேன். சிரித்துக்கொண்டுதான் வைத்தேன்.

2. ஆயாம்மா

கிளப்பில் துரைசாணிமார் அறையைக் கூட்டித் துடைக்கிறவர் அங்கம்மா. ஐம்பது வயதிருக்கும். மஹய்யாவயில் எங்கள் லைன் வீட்டு வரிசைக்கு அடுத்த லைனில் தனியாக இருந்தார். ஒரு காலத்தில் பங்களாவில் பிள்ளை வளர்த்தவர் என்பதால் ஊரே அவரை ஆயாம்மா என்றுதான் கூப்பிடும்.

துரை புத்தகத்தை வீசிய அடுத்த நாள் அவர் லைப்ரரி வாசலில் விளக்குமாற்றோடு வந்து நின்றார். உள்ளே வர அவருக்கு அனுமதியில்லை.

"தம்பி, எங்க பேபி தொரை புஸ்தகம் எழுதியிருக்காராம்ல?"

"யாரு ஆயாம்மா உங்க பேபி தொரை?"

பெயரைச் சொன்னார். அவர் வாயில் அது வேறு மாதிரி வந்தாலும் அட்டையில் இருந்த பெயர்தான். துரைசாணிமார் ஊறுகாய் சாண்ட்விச் சாப்பிட்டபடி பேசிக்கொண்டதைக் கேட்டிருக்கிறார்.

அம்பிட்டியவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பேபி துரையின் அப்பா, பெரிய துரை, இருந்தாராம். ஐரிஷ்காரர். பிள்ளை பிறந்ததும் துரைசாணி படுக்கையில் விழுந்துவிட்டார். அதே மாதம்தான் அங்கம்மாவின் முதல் பிள்ளை லைனில் காய்ச்சல் கண்டு போய்விட்டது. கங்காணி வந்து, பங்களாவுக்கு வா என்று கூட்டிப்போனான். ஏன் தன்னைக் கூப்பிட்டார்கள் என்பதை ஆயாம்மா ஒற்றை வரியில் சொல்லி முடித்துக்கொண்டார்.

"எங்கிட்ட பாலு இருந்துச்சு. அந்தப் புள்ளைக்கு இல்ல."

ஏழு வயதில் பிள்ளையைப் படிக்கக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். கண்டி ஸ்டேஷன் வரைக்கும் ஆயாம்மாவைக் கூட்டிப்போனார்கள். அதன் பிறகு ஒரு செய்தியும் இல்லை. பெரிய துரை தோட்டத்தை விற்றுவிட்டுப் போனதும் இவர் டவுனுக்கு வந்துவிட்டார்.

"அதுல என்ன எழுதியிருக்காருன்னு கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க தம்பி. நல்லா இருக்காரா, சாப்புடுறாரான்னு தெரிஞ்சாப் போதும்."

"அது கடுதாசி இல்ல ஆயாம்மா, கதை."

"கதைன்னா என்ன? அவரு எழுதுனதுதானே?"

புத்தகக் கடையில், லைப்ரரியில், பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கதை வேறு எழுதியவர் வேறு என்கிறார்கள். இருபத்தெட்டு வருஷமாக ஒரு பிள்ளையைப் பற்றிய தகவலுக்காகக் காத்திருக்கிறவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

3. பைண்டிங் அறையில்

ஊழியர்கள் புத்தகத்தை வெளியே கொண்டுபோகக் கூடாது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு துரைமார் வராந்தாவில் சாய்வுக் கதிரைகளில் குறட்டை விடும் நேரம்தான் எங்களுக்கு. பின்னால் பைண்டிங் அறையில், பூஞ்சணம் பிடித்த அட்டைகளைத் துடைக்கிற சாக்கில் நான் வாசிப்பேன். ஆயாம்மா கதவு நிலையோரமாகக் குந்தியிருப்பார். நாகலிங்கம் ஐயா முதல் நாள் முணுமுணுத்தார். இரண்டாம் நாள் தன் கதிரையைக் கதவுப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். யாராவது வந்தால் இருமுவதற்காக என்று சொன்னார். உண்மையில் அவரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

இங்கிலீஷில் ஒரு பந்தி வாசித்து மனதில் போட்டுக்கொண்டு தமிழில் சொல்ல வேண்டும். நான் அதுவரை எத்தனையோ கதைகளை அப்படிச் சொல்லியிருக்கிறேன். இந்தப் புத்தகம் என் நாக்கைக் கட்டிப் போட்டது.

முதல் கதையில் ஒருவன் தன் சொந்த மரண அறிவித்தலைப் பத்திரிகைக்கு அனுப்பத் தபால் கந்தோர் வரிசையில் நிற்கிறான். வரிசை நகரவில்லை. மழை பெய்கிறது. முன்னால் நிற்கிறவன் திரும்பி நேரம் கேட்கிறான். இவனிடம் மணிக்கூடு இல்லை. கந்தோரைப் பூட்டுகிறார்கள். கதை முடிந்தது.

"மழையில நின்னாரே, கொடை இருந்துச்சா?" என்றார் ஆயாம்மா.

"குடையப் பத்தி எழுதல ஆயாம்மா."

"அவருக்குச் சளி புடிக்கிற ஒடம்பு."

இரண்டாவது கதையில் இரண்டு சகோதரர்கள் தங்கள் தந்தையின் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மயானத்தைத் தேடுகிறார்கள். கேட்ட ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையைக் காட்டுகிறார்கள். கடைசியில் பெட்டியை இறக்கி வைத்து அதன் மேல் உட்கார்ந்து சீட்டு விளையாடுகிறார்கள். நாகலிங்கம் ஐயா பக்கென்று சிரித்துவிட்டு, பிறகு தன் மேலேயே கோபித்துக்கொண்டவர்போல வாயை மூடிக்கொண்டார்.

ஆயாம்மா சிரிக்கவில்லை. "வெளையாடிட்டு என்ன சாப்புட்டாங்க?" என்றார்.

எந்தக் கதை முடிந்தாலும் அவருக்கு ஒரே கேள்விதான். அந்தப் புத்தகத்தில் யாரும் சமைக்கவில்லை. அடுப்பு என்ற சொல்லே வந்ததாக ஞாபகமில்லை. மனிதர்கள் ஈரமான அறைகளில் இருந்தார்கள், பேசியதையே பேசினார்கள், ஒருவர் சொன்னது மற்றவருக்குக் கேட்கவில்லை. எனக்கு வாசிக்க வாசிக்கத் தாங்க முடியவில்லை. அந்த வருஷம் மலேரியாக் காய்ச்சலில் எங்கள் லைனில் வாரத்துக்கு ஒரு பாடை போய்க்கொண்டிருந்தது. அந்தத் துக்கத்தை என்னால் தாங்க முடிந்தது. அழுதோம், தூக்கினோம், வந்து குளித்தோம். இந்தக் கதைகளில் அழக்கூட ஆளில்லை. வேண்டாம், நிறுத்திவிடுவோம் என்று ஒரு நாள் சொல்லியும் பார்த்தேன்.

"இன்னும் எவ்வளவு தாள் இருக்கு தம்பி?"

"ஒரு கதைதான் இருக்கு."

"அதுல சாப்புட்டிருந்தா?"

எலும்புக் கத்தியை எடுத்தேன். கடைசிக் கதையின் மடிப்புகளை அதுவரை யாரும் தொடவில்லை.

4. கதவுக்குப் பின்னால்

அந்தக் கதையைப் பற்றி அட்டையின் உள்மடிப்பிலேயே நாலு வரி இருந்தது. கதையில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வருகிறதாம். அதற்குப் பொருள் கிடையாதாம். வெறுமைக்கு ஆசிரியர் சூட்டிய பெயராம். இங்கிலீஷ் எழுத்தில் அதை எப்படி உச்சரிப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை. "புஷாந்தி" என்று வாசித்தேன்.

"பிரெஞ்சாயிருக்கும்," என்றார் நாகலிங்கம் ஐயா கதவடியிலிருந்து. "பாரிஸிலை எல்லே இருக்கிறான்."

கதை இதுதான். ஒரு நகரத்தில் வாடகை அறை ஒன்றில் ஒருவன் இருக்கிறான். வீட்டுக்காரி தினமும் ஒரு தட்டு உருளைக்கிழங்கு கொண்டுவந்து வைக்கிறாள். அவன் தட்டின் முன்னால் உட்காருகிறான். அறையில் இன்னொரு கதவு இருக்கிறது. அது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. அவன் கரண்டியைத் தூக்கியதும் அந்தக் கதவுக்குப் பின்னால் தட்டும் சத்தம் கேட்கிறது. அவன் அந்தப் பெயரைச் சொல்கிறான். வீட்டுக்காரி, அது யார் என்று கேட்கிறாள். சாப்பிடாவிட்டால் வருகிறவன் என்கிறான்.

நான் இந்த இடத்தில் நிறுத்தினேன். வாயிலிருந்த சொல்லை மறுபடி ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

ஆயாம்மா அதற்குள் சிரிக்கத் தொடங்கியிருந்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உடம்பு குலுங்கச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"பூச்சாண்டி! ஐயோ, பூச்சாண்டிய மறக்கல அவரு! தம்பி, சோறு உள்ள எறங்கவே எறங்காது அவருக்கு. ‘சாப்புடு ராசா, இல்லாட்டிப் பூச்சாண்டி வந்துருவான்’னு சொல்லுவேன். சொன்னா நம்பணும்ல? அதுக்கு நானே எந்திரிச்சுப் போயி ஸ்டோர் ரூம் கதவுக்குப் பின்னாடி நின்னு டொக்கு டொக்குன்னு தட்டுவேன். நான் திரும்பி வந்து பாத்தா தட்டு காலியா இருக்கும்! அப்புறம், அப்புறம் வாசிங்க. சாப்புட்டாரா?"

எனக்கு மேலே வாசிக்க வேண்டியிருந்தது. கதையின் முடிவு கண் முன்னே அச்சில் இருந்தது. கண்ணை எடுக்க முடியவில்லை.

தட்டும் சத்தம் கேட்டதும் அந்த மனிதன் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைக் கொஞ்சம் திறந்து, இருட்டுக்குள் வைத்துவிட்டுச் சாத்துகிறான். பூச்சாண்டி சாப்பிட்டால் வெளியே வரமாட்டான் என்று அவனுக்குக் கணக்கு. அன்றைக்கு வரவில்லை. ஆகவே மறுநாளும் வைக்கிறான். வீட்டுக்காரி காலித் தட்டு எங்கே என்று கேட்கிறாள், அவன் பதில் சொல்வதில்லை. அவன் உடம்பு வற்றுகிறது. கால்சட்டையைக் கயிற்றால் கட்டிக்கொள்கிறான். ஒரு நாள் எழுந்திருக்கவில்லை. ஆட்கள் வந்து அவனைக் கொண்டுபோன பிறகு வீட்டுக்காரி அந்தக் கதவைத் திறக்கிறாள். அலுமாரியளவு சின்ன இடம். தரையிலிருந்து கூரை வரைக்கும் தட்டுகள். எல்லாவற்றிலும் உருளைக்கிழங்கு அப்படியே இருக்கிறது. அடுத்து வருகிற வாடகைக்காரனிடம் அறையில் எலித் தொல்லை இல்லை என்று அவள் உறுதி கொடுக்கிறாள்.

முழுவதையும் சொன்னேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஆயாம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் மாற்றிச் சொல்ல எனக்கு வரவில்லை.

நான்தான் பேச்சை ஆரம்பித்தேன்.

"இது சும்மா கற்பனை ஆயாம்மா. அந்த ஆளு வேற, பேபி தொரை வேற."

"இல்ல தம்பி. அந்தக் கதவு அம்பிட்டியப் பங்களாக் கதவு. அதுக்குப் பின்னாடி நின்னது நானு." பிறகு சொன்னார்: "அன்னிக்கும் அந்தச் சோத்த அவரு தின்னிருக்க மாட்டாரு. எங்கயாச்சும் கொட்டியிருப்பாரு. நான் தட்டு காலின்னு சந்தோசப்பட்டேன்."

நாகலிங்கம் ஐயா கதவடியில் இரண்டு தரம் இருமினார். யாரும் வரவில்லை.

5. விஷயம்: பூச்சாண்டி

அடுத்த நாள் ஆயாம்மா வாசலில் நிற்கவில்லை. நேராக உள்ளே வந்துவிட்டார்.

"அவருக்கு ஒரு கடுதாசி எழுதணும் தம்பி. பூச்சாண்டின்னு ஒருத்தன் இல்லன்னு எழுதணும். வேற ஒண்ணும் வேணாம்."

விலாசம் தெரியாது. புத்தகத்தை வெளியிட்ட லண்டன் கம்பெனிக்கு அனுப்பினால் அவர்கள் கொடுத்துவிடுவார்கள் என்றார் நாகலிங்கம் ஐயா. ஆயாம்மா சொல்வதை இங்கிலீஷில் அடிக்கக் கிளப்பின் டைப்ரைட்டரில் அவரே உட்கார்ந்தார். கையெழுத்தில் அனுப்பினால் மதிக்க மாட்டார்கள் என்பது அவர் கட்சி.

முதல் தகராறு தொடக்கத்திலேயே வந்தது. ஐயா "சேர்" என்று அடித்தார். அதைத் தமிழில் சொன்னேன்.

"பேபி தொரைய நான் சாருன்னு கூப்புட்டதே இல்ல. பேபி தொரைன்னு போடுங்க."

"முப்பத்தஞ்சு வயசு ஆம்பிளைக்கு உப்பிடி எழுதேலுமே?" என்றார் ஐயா.

இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் விளிப்பே வேண்டாமென்று புதுத் தாள் போட்டார். ஆனால் கந்தோர்ப் பழக்கம் அவரை விடவில்லை. எந்தக் கடிதத்துக்கும் விஷயத்தை நடுவில் பெரிய எழுத்தில் அடித்துக் கீழே கோடு போட வேண்டும் என்பது அவருக்கு வேதம். அப்படியே போட்டார். "நான் யாருன்னு அவருக்குத் தெரியும், அதெல்லாம் எழுத வேணாம்" என்று ஆயாம்மா சொல்லிவிட்டதால் விளக்கமும் இல்லை. தாளில் இருந்தது இவ்வளவுதான்:

பூச்சாண்டி

பூச்சாண்டி இல்லை. கதவுக்குப் பின்னால் நின்றது நான். நீங்கள் சாப்பிட வேண்டும் என்று தட்டினேன். இனி யாரும் தட்ட மாட்டார்கள். தட்டை அங்கே வைக்க வேண்டாம். நீங்களே சாப்பிடுங்கள்.

ஆயா

கிளப்பின் விலாசத்தைக் கவருக்குப் பின்னால் எழுதினோம். தபாலில் போட ஆயாம்மாவே என்னோடு வந்தார். பெட்டிக்குள் விழுந்ததா என்று கையை விட்டுத் தடவிப் பார்த்தார்.

மழைக்காலம் தொடங்கும்போது பதில் வந்தது. லண்டன் முத்திரை. நான் சந்தோஷத்தில் கவரை ஒழுங்காகக்கூட வெட்டவில்லை. உள்ளே எங்கள் தாளே மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதோடு ஓர் அச்சடித்த துண்டு. தங்கள் கதையை வாசித்தோம், எங்கள் வெளியீட்டுக்கு ஏற்றதாக இல்லை, அனுப்பியதற்கு நன்றி. கீழே யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்: எங்கள் ஆசிரியரின் பாணியை மிக அதிகமாகப் பின்பற்றியிருக்கிறீர்கள்.

நாகலிங்கம் ஐயா அதை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி வாசித்தார்.

"நான்தான் தலைப்புப் போட்டனான்," என்றார்.

விளக்கமாக, விளிப்போடு, நாலு பக்கத்தில் இரண்டாம் கடிதம் எழுதினோம். அதற்குப் பதிலே இல்லை. மூன்றாவது ஒன்றைப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். அதுவும் போனது போனதுதான்.

ஆயாம்மாவிடம் முதல் பதிலைப் பற்றிச் சொன்னேன். பென்சில் எழுத்தைக் காட்டினேன்.

"பேபி தொரை எழுத்தா?"

"இல்ல ஆயாம்மா. கம்பெனியில யாரோ எழுதினது."

"என்ன சொல்றாங்க?"

"நீங்க சொன்னதக் கதைன்னு நெனச்சுட்டாங்க."

அவர் அதை யோசித்தார். "அன்னிக்கு நீங்க சொன்னீங்களே தம்பி, கதை வேற கடுதாசி வேறன்னு. அவங்களுக்குத் தெரியலியா?"

அதற்குப் பிறகு மஹய்யாவயில் அவரைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. எந்த வீட்டிலாவது பிள்ளைக்குச் சோறூட்டும் தாய் பூச்சாண்டி என்று வாயெடுத்தால் ஆயாம்மா வேலையைப் போட்டுவிட்டு ஓடுவார். "திங்காட்டி விடு, பட்டினி கெடக்கட்டும், அதச் சொல்லாத!" என்று கத்துவார். தாய்மார் அவரை உள்ளே விடப் பயந்தார்கள். பிள்ளைகள் அவரைக் கண்டால் ஓடி ஒளிந்தன. சில தாய்மார் சோறூட்டும்போது, "சாப்புடு, ஆயாம்மா வந்துரும்" என்று சொல்லத் தொடங்கினார்கள். அதை நான் என் காதால் கேட்டேன். ஆயாம்மாவும் கேட்டிருப்பார்.

6. கடைசியாக

யுத்தம் தொடங்கிய வருஷம் கிளப் லைப்ரரிக்குப் புதுப் புத்தகம் வருவது நின்றது. தபால் கப்பல் வருமோ வராதோ என்ற நிலை. ஆயாம்மா வாசலுக்கு வந்தார். நன்றாக இளைத்துப் போயிருந்தார்.

"கடுதாசி வந்துச்சா தம்பி?"

"இனிக் கப்பலே சரியா வராது ஆயாம்மா. அந்தப் பக்கமெல்லாம் சண்டை."

"அப்ப பூச்சாண்டி இல்லன்னு அவருக்கு யாரு சொல்லுவா?"

லைப்ரரி வேலைக்கு வருகிற இளம் பிள்ளைகளே, நான் கற்றுக்கொண்டதைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். எழுதியவர் சொன்னதை வாசிக்கிறவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க நம்மிடம் எல்லா ஏற்பாடும் இருக்கிறது. வாசித்தவர் சொல்வதை எழுதியவரிடம் கொண்டுபோக ஒரு வழியும் இல்லை. நான் முப்பது வருஷம் அந்த வேலையில் இருந்து தேடினேன். ஆயாம்மா அடுத்த தை மாதம் போய்விட்டார். வைத்தியர் காய்ச்சல் என்று எழுதினார். அடுப்பில் பல நாளாக நெருப்பு மூட்டவில்லை என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள்.